கல்நார்: சுரங்கத்தில் தடை, துறைமுகத்தில் அனுமதி



ஆஸ்பெஸ்டாஸ் என்பதற்குத் தமிழில் கல்நார் என்று பெயர். கிரேக்கச் சொல்லைவிடத் தமிழ்ப் பெயரே பொருளின் இயல்பைத் தெளிவாகக் காட்டுகிறது: கல்தான், ஆனால் நாராக உரியும். கண்ணுக்குப் புலப்படாத அந்த நார் மூச்சுவழியே நுரையீரலில் தைத்துவிட்டால், புற்றுநோயாக வெளிப்பட இருபது முதல் நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் தொழிலாளி ஓய்வு பெற்றிருப்பார். ஆலையே மூடப்பட்டிருக்கவும் கூடும்.

ஆட்சியாளர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். 1986இல் புதிய கல்நார்ச் சுரங்கக் குத்தகைகள் நிறுத்தப்பட்டன. 1993இல் பழைய குத்தகைகளைப் புதுப்பிப்பதும் நின்றது. ஆயினும் இந்திய மண்ணில் தோண்டத் தகாத அதே பொருள் ரஷ்யாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் கப்பலேறி வருகிறது, ஆண்டுக்கு இலட்சக்கணக்கான டன். பிரேசிலின் உச்சநீதிமன்றம் 2017இல் உள்நாட்டில் இதற்குத் தடை விதித்த பின்னரும் அந்நாட்டுச் சுரங்கத்திலிருந்து ஏற்றுமதி தொடர்ந்தது. அதை வாங்கிய நாடுகளுள் முதன்மையானது இந்தியா.

தடுக்க அதிகாரம் இல்லையா? 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, மனிதரின் உயிரையும் நலத்தையும் காக்கும் பொருட்டு எந்தப் பண்டத்தின் இறக்குமதியையும் தடைசெய்யும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கு அளிக்கிறது. அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும்.

உலக வர்த்தக அமைப்பு குறுக்கே நிற்கும் என்பாரும் உண்டு. அந்த அமைப்பைப் பற்றி இடதுசாரிகளுக்கு எந்த மயக்கமும் கிடையாது. ஆனால் கல்நார் வழக்கில் நடந்தது வேறு. 1997இல் பிரான்ஸ் தடை விதித்தபோது, அன்று பெரும் ஏற்றுமதி நாடாக இருந்த கனடா வழக்குத் தொடுத்தது. கட்டுப்பாட்டுடன் கையாண்டால் ஆபத்தில்லை என்பது அதன் வாதம். 2001இல் மேல்முறையீட்டு அமர்வு அவ்வாதத்தை ஏற்கவில்லை. பிரான்சின் தடை நிலைத்தது. பின்னர் 2018இல் கனடாவே தடை விதித்தது. கனடா தோற்ற அந்த வாதத்தைத்தான் இந்தியக் கூரைத் தகடு முதலாளிகள் இன்றும் ஓதுகின்றனர். எங்கே அந்தக் கட்டுப்பாடு? கொத்தனாரும் தச்சரும் முகமூடியின்றி ரம்பத்தால் தகட்டை அறுக்கின்றனர். அவர்களின் பெயர் எந்த ஆலையின் பதிவேட்டிலும் இல்லை.

வெள்ளைக் கல்நாரை ராட்டர்டாம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ப்பது தடையன்று. இறக்குமதி செய்யும் நாட்டிற்கு ஆபத்தை முன்கூட்டி அறிவித்து இசைவு பெறும் ஏற்பாடு மட்டுமே. 2011இல் அதனை ஆதரித்த இந்தியா 2013இல் ரஷ்யாவுடன் சேர்ந்து எதிர்த்தது. ஈராண்டில் மருத்துவ அறிவியல் மாறிவிடவில்லை. எவருடைய நலன் பேசியது என்பதைத் தோழர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆலைத் தொழிலாளரின் அச்சம் வேறு. அதனை இலேசாக ஒதுக்கலாகாது. தடை வந்தால் வேலை போகும் என்று அவர்கள் அஞ்சுகின்றனர். கல்நாருக்குப் பதிலாக வேறு இழைகளைக் கொண்டு சிமெண்ட் தகடு செய்யும் முறைகள் நடைமுறையில் உள்ளன. ஆட்குறைப்பின்றி அம்முறைக்கு மாறவேண்டும் என்ற கோரிக்கையைத் தடைக் கோரிக்கையோடு சேர்த்தே தொழிற்சங்கம் எழுப்பவேண்டும்.

தடை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத பணியும் ஒன்றுண்டு. ஒவ்வொரு கல்நார்த் தொழிலாளியின் மருத்துவப் பதிவையும் பணியில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் காக்கவேண்டும் என்று 1995இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வாண்டு வேலைக்குச் சேர்ந்தவரின் பதிவு 2035 வரையேனும் ஆலையில் இருந்தாக வேண்டும். ஓய்வு பெற்றவர்களை அழைத்துச் சென்று, அது இருக்கிறதா என்று சங்கம் நாளையே கேட்கலாம்.