75 சதவீதமும் மாதவிடாய் வலியும்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



2023 சனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாணவிகளுக்கு வருகைப்பதிவில் 2 சதவீதம் தளர்வு கொடுத்தது. மாணவர் சங்கம் கேட்டுப் பெற்றது அது. அதே மாதம் கேரள அரசு மற்ற மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் அதை விரிவாக்கியது. தேர்வெழுத 75 சதவீதம் வேண்டும் என்பது மாணவிகளுக்கு 73 ஆனது. வரவேற்போம். ஆனால் கணக்கும் போடுவோம். செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்றால் 2 சதவீதம் இரண்டு நாள்கூட இல்லை. அதற்குள் நான்கைந்து மாதவிடாய் வந்துபோகும்.

பலருக்கு வலி வருவது கருப்பையைச் சுருங்கவைக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளால். தொடக்கத்திலேயே மாத்திரை போட்டால் பெரும்பாலும் அடங்கும். எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் அவ்வளவு எளிதில் அடங்காது. கருப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே வளரும் நோய் அது. உலக சுகாதார நிறுவனக் கணக்கில், பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. கண்டுபிடிக்கவே பல ஆண்டுகள் ஆகின்றன. ஆகாமல் என்ன செய்யும்? "எல்லாப் பொண்ணுக்கும் வர்றதுதானே", "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று வீட்டில் சொல்வதைத்தான் சில மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கலாம். வருகை குறைந்தால் மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். பல கல்லூரிகளில் கட்டணமும் உண்டு. வசதியான வீட்டுக்குத் தெரிந்த டாக்டர் இருப்பார். ஆதிதிராவிடர் நலத்துறை விடுதியில் தங்கி, முதல் தலைமுறையாகப் படிக்கும் பெண் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு இன்னொரு நாள் ஆப்சென்ட். அப்படி இரண்டு பாடத்தில் அரியர் விழுந்தால், வலி யார் கண்ணிலும் படாது. "கோட்டாவில வந்தவதானே" என்ற பேச்சு மட்டும் தயாராக இருக்கும்.

2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில், மாதவிடாய் வந்த எட்டாம் வகுப்பு தலித் மாணவியை வகுப்பறைக்கு வெளியே படியில் உட்காரவைத்துத் தேர்வெழுத வைத்தார்கள். சேரிக்கும் மாதவிடாய்க்கும் இந்தச் சமூகம் வைத்திருப்பது ஒரே சொல், தீட்டு. அதனால் விடுப்பு கேட்பது தீட்டைத் திரும்பக் கொண்டுவரும் என்று நம் தோழர்கள் சிலரே தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் புரிகிறது, ஆனால் ஏற்க முடியவில்லை. அங்கே அவளை வெளியே உட்காரவைத்தது பள்ளி. இங்கே வருவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவள் மாணவி.

டூருக்கு வராதவளை, கேன்டீனில் சேர்ந்து உட்காராதவளை "திமிர் பிடிச்சவ" என்று வகுப்பு ஒதுக்குகிறது. நாம் மட்டும் என்ன வாழ்கிறது? காலை பத்து முதல் இரவு எட்டு வரை கூட்டம் நடத்துகிறோம், பெண்களுக்குக் கழிவறை இருக்காது. வராமல் நின்றுவிட்ட பெண் தோழர்களுக்கு ஈடுபாடு குறைந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு இடம் பார்க்கப் போகிற தோழர்கள், மைக் செட்டைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பாருங்கள்.