இரைப்பையில் மறைந்திருக்கும் நோய்

மேல்வயிற்றில் மந்தமான வலி. சிறிது உண்டதும் வயிறு நிறைந்துவிட்டதென்ற உணர்ச்சி. சில வேளைகளிற் குமட்டல். இத்தகைய குறைகளுடன் வைத்தியரை நாடுவோருள் மிகப் பெரும்பாலோருக்குக் கடும் நோய் எதுவும் இராது; சிலருக்கு அழற்சியோ புண்ணோ இருக்கலாம். ஆயினும் மிக அரிதாக, அதே குறிகளின் பின்னே லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் மறைந்திருத்தலுங் கூடும்.

லிம்போமா பெரும்பாலும் கழுத்து, அக்குள் முதலிய இடங்களிலுள்ள நிணநீர்க் கணுக்களிலேயே தோன்றும். இரைப்பைச் சுவரிலோ இயல்பாக நிணநீர் இழையம் இல்லையென்றே கூறலாம். அங்ஙனமிருக்க, அங்கே இந்நோய் தோன்றுவது எவ்வாறு? 1983ஆம் ஆண்டில் பீற்றர் ஐசக்சன், டெனிஸ் றைற் என்னும் நோயியலறிஞர் இருவர் இதனைத் தனியொரு வகையென விளக்கினர். ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற கிருமி இரைப்பையிற் குடிபுகுந்தால், அதனை எதிர்க்க நிணநீர்க் கலங்கள் அங்கே திரள்கின்றன. ஆண்டுக்கணக்கில் நீளும் அப்போரில், காவலுக்கு வந்த கலங்களுள் ஒன்று கட்டுமீறிப் பெருகுவதே பெரும்பாலும் நோயின் தொடக்கம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இதனைக் கண்டறிதல் எளிதன்று. அகநோக்குக் குழாயினூடாகப் பார்க்கும்போது சிவப்போ சிறு புண்ணோ மட்டுமே தென்படலாம். ஓரிடத்திற் கிள்ளியெடுத்த துணுக்கில் வெறும் அழற்சியும், அடுத்த இடத்தில் நோயும் இருக்கலாம். ஆதலால் பல இடங்களிலிருந்து துணுக்குகள் எடுக்கப்படுகின்றன. நிணநீர்க் கலங்கள் இரைப்பைச் சுரப்பிகளுட் புகுந்து அவற்றைச் சிதைக்கின்றனவா என நுணுக்குக்காட்டியில் ஆராய்வர். அழற்சியில் திரளும் கலங்கள் பல குடியின. லிம்போமாக் கலங்களோ ஒரே கலத்தின் வழித்தோன்றல்கள். சிறப்புச் சாயங்களும் மரபணுச் சோதனையும் இவ்வேறுபாட்டைக் காட்டும். கிருமி உண்டா என்பதும் சோதிக்கப்படும்.

இத்தனை நுட்பம் எதற்கு? முன்னர் இந்நோயாளர் பலரின் இரைப்பை சத்திரசிகிச்சையால் அகற்றப்பட்டது. 1993இல் வெளியான ஓர் ஆய்விலோ, நுண்ணுயிர்கொல்லி மருந்தாற் கிருமி ஒழிக்கப்பட்ட ஆறு நோயாளருள் ஐவரிடம் லிம்போமாவின் தடயம் மறைந்திருந்தது. தொடக்க நிலையிற் கிருமியுடன் காணப்படும் நோய்க்கு இன்று அதுவே முதற் சிகிச்சை. சிலரிடம் அது பலிப்பதில்லை. அவர்களுக்குக் கதிர்ச் சிகிச்சை முதலியன உண்டு. பலித்தவரும் பின்னர்த் திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட வேண்டியவரே.

நீடித்த வயிற்றுவலியைக் கடைக்குளிசைகளால் அடக்கிக்கொண்டு காலங்கடத்துவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. குளிசை வலியைத் தணிக்கலாம்; வலியின் காரணத்தைச் சொல்வது சோதனையே.