மனவடுவும் அது ஆறும் வகையும்
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உடம்பிலே காயம் உண்டானால் அதனை எல்லாருங் காண்கின்றனர், மருந்து கட்டுகின்றனர், ஆறியபின் எஞ்சிய வடுவைக் காட்டி, இன்ன ஆண்டிலே பட்டதென்று கதையுஞ் சொல்லுகின்றனர். உள்ளத்திலே பட்ட காயத்துக்கோ அவ்வாய்ப்பு இல்லை. அதனையுடையவன் நம்மெதிரே உண்கின்றான், தொழிலுக்குப் போகின்றான், கோயிலுக்கும் வருகின்றான். இரவிலே அவன் உறங்குவதில்லை என்பதை அவன் மனைவி மாத்திரமே அறிவாள். இந்நிலையையே நம் நாட்டு உளமருத்துவர்கள் மனவடு என்று தமிழில் வழங்குகின்றனர்.

மேலைநாட்டார் இதனை ஒரு நோயென ஒப்புக்கொள்ள நெடுங்காலஞ் சென்றது. முதலாம் உலகப் போரின்போது, 1915ஆம் ஆண்டிலே, சாள்ஸ் மயர்ஸ் என்னும் ஆங்கிலேயர் 'ஷெல் ஷொக்' என்ற பெயரால் இதனை வைத்தியச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். (ஷெல் என்பது யாதென நான் இச்சபையில் விளக்க வேண்டியதில்லை.) குண்டின் அதிர்ச்சியால் மூளை கலங்கிற்று என்றே முதலிற் கருதினர். ஆனாற் குண்டு வீழ்ந்த இடத்துக்கு அண்மையிலேயே நில்லாதவர்களும் நடுங்கினர், பேச்சிழந்தனர். அதுகண்டு, காயம் பட்ட இடம் வேறென உணரத் தலைப்பட்டனர். ஆயினும் படைத்தலைவர் பலர் அதனைக் கோழைத்தனம் என்றே கொண்டனர். போர்க்களத்தை விட்டு ஓடினர், அஞ்சினர் என்னுங் குற்றங்களுக்காக அப்போரிற் சுட்டுக் கொல்லப்பட்ட பிரித்தானியப் படைவீரர் 306 பேருக்கு 2006ஆம் ஆண்டிலேதான் அந்நாட்டுப் பாராளுமன்றம் மன்னிப்பு வழங்கிற்று. அவர்களுட் சிலரேனும் இந்நோயுற்றவர்கள் என்பதில் ஐயமில்லை. வியட்நாம் போரின் பின்னர், 1980ஆம் ஆண்டில், அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனது நோய்ப் பட்டியலிலே இதற்கோர் இடமளித்தது.

அக்காலத்து வைத்தியருள் ரிவர்ஸ் என்பவரை நாம் அறிந்திருத்தல் நன்று. நீலகிரியில் வாழுந் தோதவரைப் பற்றி 1906இலே பெருநூல் எழுதிய அறிஞர் அவர். போர்க்காலத்தில் ஸ்கொட்லாந்திலே ஒரு வைத்தியசாலையில் நோயுற்ற படை அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்தார். அவரிடம் வந்தவர்களுக்கு உற்றாரும் வைத்தியரும் முன்னரே கூறியிருந்த புத்தி ஒன்றே: மறந்துவிடு, நினையாதே! நினையாதிருக்க முயலுந்தோறும் இரவிலே கனவு பெருகியதை ரிவர்ஸ் கண்டார். நூறாண்டு கழிந்தும் நாமும் நம் வீடுகளிலே அதே புத்தியைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றோம்.

மறக்க முயன்றும் மறவாமைக்குக் காரணம் உண்டு. சாதாரண நினைவுக்கு இடமுங் காலமும் உள. சென்ற ஆண்டுத் தேர்த்திருவிழாவை நினைத்தால் அது சென்ற ஆண்டினது என்று மனம் அறியும். உயிர்போகும் அச்சத்தின் நடுவே பதியும் நினைவோ பெரும்பாலும் அவ்வாறு கோவையாய் அமைவதில்லை; ஒலியாய், மணமாய், உடல் நடுக்கமாய்த் துண்டுதுண்டாகப் பதிகின்றது. ஆதலால் பட்டாசு வெடித்தவுடன் அவன் 2009ஆம் ஆண்டை நினைப்பதில்லை. 2009ஆம் ஆண்டிலேயே நிற்கின்றான். அதற்கஞ்சிச் சத்தத்தைத் தவிர்க்கின்றான். பின் சனக்கூட்டத்தைத் தவிர்க்கின்றான். ஈற்றிலே மனிதரையே தவிர்க்கின்றான். தவிர்க்குந்தோறும் அச்சம் வளர்கின்றது. சிலர் உறக்கத்தைப் போத்தலிலே தேடுகின்றனர். அடி அவர்தம் பிள்ளைகளுக்கு விழுகின்றது.

இன்னொன்றையும் கூறவேண்டும். பேரிடர் கண்டவரெல்லாம் நோயாளரல்லர். முதற் சில வாரங்களில் உறக்கமின்மையும் திடுக்கிடுதலும் இயல்பே. பெரும்பாலோர் உற்றார் துணையுடன் தாமாகவே தேறுகின்றனர். ஒரு மாதத்துக்கு மேலும் இக்குறிகள் நீடித்து, வாழ்க்கையை முடக்குமாயின் அப்பொழுதே நோய் என்பர். பேய் பிடித்தது என்பாருக்கும், சோம்பேறி என்பாருக்கும் இதனை எடுத்துச் சொல்லுதல் நமது கடன்.

நம் முன்னோர் இத்துயரை அறியாதவரல்லர். கீதையின் முதலத்தியாயத்து அருச்சுனனைச் சிலர் இதற்கு உதாரணமாகக் காட்டுவர். அது பொருந்தாது, அவன் கலங்கியது போருக்கு முன். போருக்குப் பிந்திய கலக்கத்தைக் காண விரும்புவோர் ஸ்திரீ பருவத்தையும் சாந்தி பருவத்தின் தொடக்கத்தையும் படிக்கவேண்டும். களத்திலே பெண்கள் தத்தம் மைந்தரின் உடலைத் தேடிப் புலம்புகின்றனர். பின்னர்க் கங்கைக் கரையில் நீர்க்கடன் நடைபெறுகின்றது. வென்ற தருமனோ அரசு வேண்டாம், காட்டுக்குப் போகின்றேன் என்கின்றான். கீதை வகுப்பு நடத்தும் நாம் இப்பகுதிகளைத் தொடுவதேயில்லை. இது பெருங்குறை என்பது என் கருத்து.

மிஷன் பாடசாலையிற் படித்தவனாதலால் வேறொரு கதையும் எனக்குத் தெரியும். யோபு என்பவன் மக்களையுஞ் செல்வத்தையும் இழந்திருந்தபொழுது, நண்பர் மூவர் வந்து ஏழு பகலும் ஏழு இரவும் அவனோடு நிலத்திலே வாய்திறவாது அமர்ந்திருந்தனர். அதன்பின் அவர்கள் நியாயம் பேசத் தொடங்கினர்; அவனது துன்பம் இரட்டித்தது. இழவு வீட்டுக்குச் செல்லும் நம்மவர் பலர் அந்த எட்டாம் நாளிலேயே தொடங்குகின்றனர்! எல்லாம் கர்மவினை என்று தாய்க்குச் சொல்லும் வாய்க்கு முதலிற் பூட்டிட வேண்டும்.

2004 டிசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை நம் நாட்டில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. பின்னர் உதவிக்கு வந்தோருட் சிலர், நிகழ்ந்ததை உடனே முழுதுஞ் சொல்லிவிட்டால் நோய் வராதென்று கருதினர். அவ்வாறு ஒரே அமர்விற் சொல்லுவித்தல் நோயைத் தடுப்பதில்லை என ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. உலக சுகாதார தாபனமும் அதனை விலக்குகின்றது. உண்ண உணவு, பாதுகாப்பான இடம், உறவினர் பற்றிய செய்தி, அருகில் ஓர் ஆள்: முதலில் வேண்டுவன இவையே. சொல்ல விரும்பினாற் கேட்கலாம், வற்புறுத்தலாகாது.

நோய் நிலைத்தபின் கதை வேறு. அப்பொழுது பயின்ற ஒருவர் துணையோடு, பிறந்த நாள் தொட்டு வாழ்க்கையை வரிசையாகச் சொல்லி, அஞ்சிய அந்த நாளை அதற்குரிய இடத்திலே வைத்தல் ஒரு சிகிச்சையாகும். ஆழிப்பேரலைக்குப் பின் நம் வடகிழக்கிலே, போரையும் அலையையும் கண்ட பிள்ளைகள் 31 பேரிடம் இது சோதிக்கப்பட்டது. ஒரு பகுதியினர் இவ்வாறு கதை கூறினர். மறுபகுதியினர் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியுஞ் செய்தனர். இரு பகுதியாருக்கும் ஆறாறு அமர்வுகள். ஆறு மாதத்தின்பின் முதற்பகுதியில் நூற்றுக்கு 81 பேரும் மற்றதில் 71 பேரும் தேறியிருந்தனர். 2009இல் வெளிவந்த இம்முடிவு சிறிய தொகையினரைப் பற்றியதேயாயினும், கண்மூடி மூச்சை நோக்கியிருக்கும் நம் வழக்கத்தை ஏளனஞ் செய்யும் என் பல்கலைக்கழக நண்பர்கட்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவது இது. ஆனாற் கடும் நோயுற்றவரைத் தியானத்தோடு மாத்திரம் விட்டுவிடலாகாது. ஆதார வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் உள்ளன. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் உள்ளனர். அங்கே போவது மானக்கேடன்று.

ஆறாத காயம் ஒன்று எஞ்சுகின்றது. நம் சமயம் இறந்தோர் வீட்டுக்கு எட்டுச் செலவும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் வகுத்தது. உறவினர் கூடி அழவும், பின் அழுகையிலிருந்து மெல்ல எழவும் அது வழி. காணாமற் போனவரின் தாய் எந்தத் திதியில் அதனைச் செய்வாள்? செய்தால் மகனைத் தானே கொன்றதாக எண்ணுகின்றாள். செய்யாவிட்டால் துயருக்கு எல்லையில்லை. இறந்தார் என்று கூறாது, காணப்படவில்லை என்று மட்டுங் கூறும் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் வந்தது. காரியாலயத்துக்கு அது உதவும். அடுப்படியிலே மகனுக்கும் ஒரு பிடி அரிசி சேர்த்துப் போடும் கைக்கு அது விடை சொல்லாது. அவளை நோக்கி, 'இனி வரமாட்டான், கிரியையைச் செய்' என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவள் அவனைப் பற்றிப் பேசும்பொழுது கதையை மாற்றாமல் இருந்து கேட்கலாம்.

ஈற்றில் இச்சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். வருகின்ற திருவிழாவில் வாணவேடிக்கையை நிறுத்துமாறு நான் கேட்கவில்லை; பிள்ளைகளின் மகிழ்ச்சி அதிலே உண்டு. வெடி கொளுத்துவதற்குக் கால் மணித்தியாலம் முன்னரே ஒலிபெருக்கியில் அறிவித்தால், எழுந்து வீடு செல்ல விரும்புவோர் அமைதியாகச் செல்லலாம். இதற்குச் செலவு ஒரு சதமுமில்லை. இதனைப் பிரேரணையாகச் செயற்குழுவின் முன் வைக்கின்றேன்.