பிள்ளை என்னும் பெயர்

பிள்ளை என்று முடியும் பெயர் வழங்காத தமிழூர் அரிது. அச்சொல்லின் முதற்பொருள் இளமை. தொல்காப்பியத்து மரபியல் அதனைப் பறப்பவற்றின் இளமைப் பெயர்களுள் ஒன்றாக வைக்கின்றது. வழக்கிலோ அது பறவைகளோடு நின்றுவிடவில்லை. அணிலும் பிள்ளையாயிற்று, நீரூற்றி வளர்க்கும் தென்னங்கன்றும் தென்னம்பிள்ளையாயிற்று. கிழக்கீரியையும் கீரிப்பிள்ளை என்றே சொல்வது அன்பின் மிகுதி போலும்!

இளமை குறித்த சொல் பெரியோர்க்கு உரியதானது எங்ஙனம்? சோழர் கல்வெட்டுக்களில் அரசகுமாரர் பிள்ளையார் எனப்பட்டனர். திருஞானசம்பந்தரைச் சைவர் ஆளுடைய பிள்ளையார் என்பர். உயர்ந்த இடத்துப் பிறந்த மைந்தர் என்னும் குறிப்பு இவற்றில் உண்டு. அக்குறிப்பே நாளடைவிற் பட்டமாக இறுகியது. திருவிதாங்கூர் மன்னர் அதனை வரிசையாக வழங்கினர்; வேளாளரிடையே அது குலப்பெயராயிற்று. வைணவராய்ப் பிறந்து கிறித்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) சமயத்தை மாற்றினாரேயன்றிப் பெயரின் ஈற்றை மாற்றவில்லை.

குலத்தைக் காட்டும் பெயர் பிறரைத் தள்ளிவைக்கவும் உதவும். அதனை உணர்ந்தே 1929 இல் செங்கற்பட்டிற் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப்பட்டங்களை விடுமாறு தீர்மானித்தது. கப்பலோட்டிய சிதம்பரம்பிள்ளையைப் பலர் இன்று சிதம்பரனார் என்றே எழுதுகின்றனர்.

யாழ்ப்பாணத்து வழக்கு சற்று வேறு. சிறுப்பிட்டியிற் பிறந்து, 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் பெயரில் தாமோதரம் ஒன்று, பிள்ளை ஒன்று என இரண்டில்லை. முழுவதும் ஒரே பெயர். தந்தை ஆறுமுகம், மகன் கணபதிப்பிள்ளை, பேரன் சண்முகநாதன் என்றிருப்பது அங்கு இயல்பு. பிள்ளை அவ்வீட்டில் ஒரு தலைமுறைக்கு வந்து போகும். பெண்களுக்கும் அது உரியது. அன்னப்பிள்ளை, சின்னப்பிள்ளை என்ற பெயருடைய பாட்டிமார் எத்தனை பேர்! தாய் மகளை அழைப்பதும் 'பிள்ளை' என்றுதானே.

கடல் கடந்த தமிழரிடத்தில் அது வழிவழி இறங்கும் குடும்பப் பெயராயிற்று. 1860 முதல் நேத்தாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளராய்ச் சென்றோரின் சந்ததியில் தந்தை, மனைவி, மக்கள் யாவர்க்கும் பிள்ளை பொதுப்பெயர். 2008 முதல் 2014 வரை ஐக்கிய நாடுகளின் மனித உரிமை உயர் ஆணையாளராயிருந்த நவநீதம் பிள்ளையின் பெயரில் உலகம் அறிந்தது இவ்வழக்கையே.

இடர்ப்பாடு யாழ்ப்பாணத்தவர் வெளிநாட்டுப் பத்திரங்களை நிரப்பும்போது வருகின்றது. குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்துக்காகக் கணபதிப்பிள்ளையை இரண்டாக வெட்டிவிடுகின்றனர். பிள்ளை என்று பதிந்த தகப்பனுக்குச் சண்முகநாதன் எப்படி மகனாவான் என்று அதிகாரி ஐயுறுகிறார். பிறப்புப் பத்திரமும் கடவுச்சீட்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன. தந்தையின் பெயரைப் பிளவாமல் முழுமையாக அக்கட்டத்தில் எழுதியிருந்தால் இத்தொல்லை பெரும்பாலும் நேராது. அன்னப்பிள்ளைப் பாட்டியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அயல்நாட்டு மருத்துவமனையில் தாதி 'திருமதி பிள்ளை' என்று மும்முறை கூப்பிட்டாலும், அது தம்மையே என்று அறியாமல் அவர் வாங்கில் அமர்ந்தபடியே இருப்பார்.