இருக்கையும் ஓர் அமானிதமே

 



உணவையும் உறக்கத்தையும் தடுக்கின்ற வேதனை என்றே பயணத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் வர்ணித்துள்ளார்கள். ஒட்டகத்தில் சென்ற காலத்துக்கு மட்டும் உரிய சொல்லன்று அது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள நம் கனகசெட்டிக்குளத்தில் ரயில் நிலையம் இல்லை. பிரெஞ்சு ஆட்சியின்போது 1879ஆம் ஆண்டு புதுவைக்கும் விழுப்புரத்துக்கும் இடையே போடப்பட்ட இருப்புப் பாதையே நமக்கு வாய்த்தது. விடியும் முன் எழுந்து, பேருந்தில் புதுவை சென்று, ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போவோர் நம்மிலும் உண்டு. அவர்கள் ஏறும் பெட்டியில் இருக்கைக்காக நடக்கும் சச்சரவுகளை நீங்கள் அறிவீர்கள். அது பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது?

முன்பதிவு செய்த இருக்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். கட்டணம் செலுத்தி, குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட தூரத்துக்கு அந்த இடத்தின் பயனை ஒருவர் பெற்றிருக்கிறார். ஃபிக்ஹு நூல்களில் இதற்கு இஜாரா என்று பெயர். அதில் வேறொருவர் அமர்ந்துகொண்டு, "கொஞ்ச தூரம்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று அதட்டுவது பிறர் உரிமையை அபகரிப்பதாகும். மாதம் முழுவதும் செல்லும் சீசன் டிக்கெட் கையில் இருக்கிறது என்பது இதற்கு நியாயமாகாது. அந்தச் சீட்டு பயணத்துக்கான அனுமதியே தவிர, இன்னொருவரின் இருக்கைக்கு உரிமைப் பத்திரம் அல்ல. வைகை, பல்லவன் போன்ற பகல்நேர ரயில்களில் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ அமர்ந்து வரும் முதியவர், ஒருமுறை எழுந்து கழிவறைக்குச் சென்று திரும்புவதற்குள் தம் இடத்தை இழந்து நிற்பது எவ்வளவு பெரிய அநீதி! எழுந்து சென்றவர் திரும்பி வந்தால் அந்த இடத்துக்கு அவரே அதிக உரிமை உடையவர் என்ற நபிமொழி முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியுள்ளது.

முன்பதிவில்லாத பெட்டியின் சட்டம் வேறு. மினாவில் தமக்கு நிழல் தரும் ஒரு கட்டடம் எழுப்பலாமா என்று கேட்கப்பட்டபோது, முந்தி வந்தவருக்கே அங்கு இடம் என்று கூறி நபியவர்கள் மறுத்துவிட்டார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி திர்மிதியில் உள்ளது. பொது இடத்தில் முந்தி வரும் மனிதருக்குத்தான் உரிமை; முந்தி வரும் கைக்குட்டைக்கு அல்ல! ஜன்னல் வழியே துண்டையும் செய்தித்தாளையும் வீசி, இன்னும் வந்து சேராத நான்கு நண்பர்களுக்கு இடம் பிடிப்பதும், "ஆள் வருகிறது" என்று கூறிக் கைக்குழந்தையுடன் நிற்கும் தாயைத் திருப்பி அனுப்புவதும் எந்தச் சட்டத்திலும் இல்லாத உரிமைகள். 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 155ஆம் பிரிவில் இரண்டையும் குற்றமாக்கியுள்ளது. பிறருக்கு ஒதுக்கப்பட்ட இருக்கையை விட்டு எழ மறுப்பது ஒன்று. தனக்கென ஒதுக்கப்படாத பெட்டியில் முறையாக ஏற வருபவரைத் தடுப்பது மற்றொன்று.

சகோதரர்களே! ரயிலைக் குறை கூறுமுன் நம் பள்ளிவாசலையும் சற்றுப் பார்ப்போம். ஜும்ஆ நாளில் முன்வரிசையில் முஸல்லாவை விரித்து இடம் பிடித்துவிட்டுக் கடைக்குப் போய், குத்பா நேரத்தில் பிறரின் தோள்களைத் தாண்டி வருவோர் நம்மிடையே இல்லையா? அவ்வாறு தாண்டி வந்த ஒருவரை, மக்களுக்குத் தொல்லை தந்துவிட்டீர் என்று கண்டித்து, உட்காரச் சொன்னார்கள் நபியவர்கள். பள்ளியில் பழகியதைத்தான் மனிதன் ரயிலிலும் செய்கிறான்.

உரிமை என்பது நீதியின் எல்லை. அதற்கு மேலே இஹ்ஸான் இருக்கிறது. சபைகளில் இடம் கொடுங்கள் என்று கூறப்பட்டால் இடம் கொடுக்குமாறும், அவ்வாறு செய்வோருக்கு அல்லாஹ் விசாலத்தை அளிப்பதாகவும் 58ஆம் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் அறிவிக்கிறது. ஆர்.ஏ.சி. சீட்டில் இருவர் ஒரே பக்கவாட்டுப் படுக்கையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவர் காலை மடக்கினால்தான் மற்றவர் நீட்ட முடியும். 4ஆம் அத்தியாயத்தின் 36ஆம் வசனம் நன்மை செய்யச் சொல்லும் 'அருகிலிருக்கும் தோழர்' என்பவருக்குப் பயணத் தோழர் என்றும் விரிவுரையாளர்கள் பொருள் கூறியுள்ளனர். அவர் எந்த மதத்தவர், எந்த ஊர்க்காரர் என்று அந்த வசனம் நிபந்தனை விதிக்கவில்லை.

ஆனால் விட்டுக்கொடுத்தல் மனமுவந்து நிகழ வேண்டும். ஒருவரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் அமர்வதை நபியவர்கள் தடுத்தார்கள். நெருங்கி அமர்ந்து இடமளிக்கவே கற்றுத்தந்தார்கள். அதை அறிவித்த இப்னு உமர் (ரலி) அவர்கள், பிறர் தமக்காக எழுந்தால்கூட அங்கே அமரமாட்டார்கள். எனவே கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் நாம் எழுந்து இடம் தருவது ஸதகா; அடுத்தவரை அதட்டி எழுப்புவது ஸதகா ஆகாது.

"கூட்டம் அதிகம், பெட்டிகள் குறைவு, நாங்கள் எங்கே போவது?" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அந்தக் குறையை, அதற்குக் காரணமாக இல்லாத சக பயணியின் மீது தீர்த்துக்கொள்வதுதான் நியாயமல்ல. விழுப்புரம்–புதுவைப் பாதை திருச்சிராப்பள்ளிக் கோட்டத்தில் உள்ளது. அன்றாடப் பயணிகள் ஒன்றுகூடிக் கையெழுத்திட்டுக் கோட்ட மேலாளருக்கு மனு அனுப்பலாம். பயணத்தின்போதே 139 என்ற எண்ணில் புகார் தெரிவிக்கலாம். பிறர் பெயரில் எடுத்த சீட்டில் பயணம் செய்வதையும், கூடுதல் விலைக்குச் சீட்டு விற்கும் தரகரை நாடுவதையும் விட்டொழிக்கலாம்.

இரண்டு மணி நேரப் பயணத்தில் கிடைக்கும் இருக்கை இறங்கும்போது நம்மை விட்டுப் போய்விடும். அதற்காக ஒருவருக்கு இழைத்த அநீதி மட்டும் நம்மோடு இறங்கி, மறுமை வரை வரும். அவர் யார், எந்த ஊர் என்று தெரியாததால் மன்னிப்புக் கேட்கவும் வழியிருக்காது. ஆகவே ரயில் ஏறும்போது பயண துஆவுடன் இந்த அச்சத்தையும் உடன் கொண்டு செல்வோம்.

வல்ல அல்லாஹ் பிறர் உரிமையைப் பேணி, இடம் கொடுத்து வாழும் நன்மக்களாக நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.