பதிவேட்டில் பெயர் ஏறும் வரை
(பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு என்றால் பழைய நினைவுகளைப் பேசுவதுதான் வழக்கம். அதற்கு எங்களைவிட மூத்த அக்காமார் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நாங்கள் சில வருடங்களாக ஒரு சின்ன வேலை செய்து வருகிறோம். பழைய மாணவிகளில் வைத்தியர், தாதி, ஆசிரியை என்று ஐந்தாறு பேர் சேர்ந்து, தாதியாக வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் படிப்பிக்கிறோம். பசறை, லுணுகலை, மடுல்சீமை, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறார்கள். இங்கே பயிற்சி முடித்து, வெளிநாட்டு அனுமதிப் பரீட்சைக்குத் தயாராகிறவர்களும் அதே வகுப்பில்தான் இருக்கிறார்கள். அங்கே கண்டதைத்தான் இன்று சொல்லப்போகிறோம்.

பரீட்சைக்கு முன்னால் ஒரு விஷயம். 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது இலங்கை தாதியர் பேரவை. அதன் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் ஒருத்தி தாதி. வெள்ளைச் சீருடை, தொப்பி, பட்டமளிப்பு விழாப் படம் எல்லாம் இருந்தும் அந்தப் பதிவு இல்லையென்றால் அந்தப் படிப்பு வேறு எங்கும் செல்லாது. எங்களிடம் வந்த ஒரு பிள்ளையின் அம்மா, கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதிப் பணத்தை மகளின் 'நர்சிங் கோர்ஸ்' கட்டணமாகக் கட்டியிருந்தார். இரண்டு வருடம் கழித்துச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினாள். அதை வைத்துப் பதிவு செய்ய முடியாது என்பதை அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய நிலை எங்களுக்கு. இப்படி வந்தவள் அவள் மட்டுமல்ல.

ஆகவே தங்கைமாரே, காசு கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். இந்தப் படிப்பை முடித்தால் தாதியர் பேரவையில் பதிய முடியுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தரத் தயங்குகிற இடத்துக்குப் போக வேண்டாம். அரச தாதியர் பயிற்சி மூன்று வருடம். அதற்குக் கட்டணம் இல்லை, மாதக் கொடுப்பனவும் உண்டு. பயிற்சிக் கல்லூரி நம் பதுளையிலேயே இருக்கிறது. அதற்குள் போக உயர்தர விஞ்ஞானப் பிரிவுச் சித்தி வேண்டும். நம் பிள்ளைகள் இடறும் இடம் அதுதான். தமிழில் விஞ்ஞானப் பிரிவு நடத்தும் பாடசாலைகள் ஊவாவில் மிகக் குறைவு. அதனால்தான் குறுக்கு வழி விளம்பரங்கள் நம் தோட்டங்களில் இவ்வளவு எடுபடுகின்றன.

இனி பரீட்சைக்கு வருவோம். அமெரிக்காவிலும் கனடாவிலும் தாதியாக வேலை செய்ய 'என்கிளெக்ஸ்' என்ற பரீட்சை எழுத வேண்டும். கணினியில் நடக்கும். 2023 ஏப்ரலிலிருந்து புதிய வடிவம். குறைந்தது 85 வினா, கூடினால் 150, நேரம் ஐந்து மணித்தியாலம். சரியாக விடையளித்தால் அடுத்த வினா கடினமாகும், பிழைத்தால் இலகுவாகும். முடித்த வினாவுக்குத் திரும்பிப் போக முடியாது. இவள் தேறுவாள் அல்லது தேறமாட்டாள் என்று 95 சதவீத உறுதி வந்ததும் கணினி தானாக நின்றுவிடும். 85ஆவது வினாவில் திரை அணைந்ததும் அழுதுகொண்டு வெளியே வந்த பிள்ளை ஒருத்தி சித்தியடைந்திருந்தாள். பிரித்தானியாவில் இரண்டு கட்டம். கணினிப் பரீட்சையில் கணக்கு 15 வினா, தாதியியல் 100 வினா. பிறகு அங்கே போய்ப் பத்து நிலையங்களில் செய்து காட்ட வேண்டும்.

இந்தப் பரீட்சைகளில் நம் பிள்ளைகள் பாடம் தெரியாமல் தோற்பதில்லை. ஒரு வினாவைச் சொல்கிறோம், நீங்களும் யோசியுங்கள். வார்டில் நான்கு பேர். ஒருவருக்கு அப்பெண்டிக்ஸ் சத்திரசிகிச்சை முடிந்து இரண்டாம் நாள், வலி என்கிறார். ஒருவர் காலை இன்சுலினுக்குக் காத்திருக்கிறார். ஒரு சிறுவனுக்கு 38 பாகை காய்ச்சல். ஒரு தாய்க்குப் பிள்ளை பிறந்து இரண்டு மணித்தியாலம், கால் மணித்தியாலத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்துவிட்டது. முதலில் யாரிடம் போவீர்கள்?

இதை எங்கள் பிள்ளைகள் ஒருவரும் பிழைவிடவில்லை. லயத்தில் வளர்ந்தவர்களுக்குப் பிள்ளை பெற்றவளின் இரத்தப்போக்கைப் பற்றி யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அடுத்த வினாவில்தான் சறுக்கினார்கள். அந்தத் தாயின் கருப்பை தொட்டால் மெத்தென்றிருக்கிறது, தாதி முதலில் என்ன செய்ய வேண்டும்? முக்கால்வாசிப் பேர் 'வைத்தியருக்கு அறிவிப்பது' என்று எழுதினார்கள். சரியான விடை, வயிற்றின் மேல் கைவைத்துக் கருப்பை இறுகும்வரை தேய்த்துவிடுவது. வைத்தியருக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கை வேலையைத் தொடங்கிய பிறகு.

இதைப் பற்றி எங்களுக்குள் நிறையப் பேசினோம். வைத்தியர்களான நாங்களும் வார்டில் 'கேட்காமல் எதுவும் செய்யாதே' என்ற தோரணையில்தான் நடந்துகொள்கிறோம். துரைக்கும் கங்காணிக்கும் பயந்த வீட்டிலிருந்து வருகிற பிள்ளை, பாடசாலையிலும் கைகட்டி நின்றுதான் நல்ல பெயர் வாங்குகிறாள். நம் பாடசாலையின் ஒழுக்கத்தில் எங்களுக்குப் பெருமை உண்டு, அதை விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனாலும் இந்தப் பரீட்சை, தாதி தானே பார்த்து, யோசித்து, முடிவெடுத்துச் செய்வாளா என்று கேட்கிறது. அந்தப் பழக்கம் புத்தகத்தில் வராது. அதனால் இப்போது வகுப்பில் விடையைச் சொன்னால் மட்டும் விடுவதில்லை. மற்ற மூன்று விடைகளும் ஏன் பொருந்தாது என்று எழுந்து நின்று வாதாட வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது வினா போதும். நூற்றைம்பது வினாவை ஓட்டிவிட்டு மதிப்பெண் பார்ப்பதால் பயனில்லை.

அடுத்தது ஆங்கிலம். 'மேலும் விளக்கம் தேவை என்பதைக் காட்டும் கூற்று எது?' என்று கேட்பார்கள். வார்ஃபரின் குடிக்கும் நோயாளி நான்கு விஷயம் சொல்கிறார். 'மூட்டு வலித்தால் அஸ்பிரின் போட்டுக்கொள்வேன்' என்பது ஒன்று. அவர் பிழையாக விளங்கிக்கொண்டதுதான் விடை. நம் பிள்ளைகள் சரியான கூற்றைத் தேடிக் குறித்துவிடுகிறார்கள். மருந்தியல் தெரிந்தும் மதிப்பெண் போகிறது. வினாவைத் தமிழில் ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு விடைக்குப் போ என்று பழக்குகிறோம்.

தமிழில் விளங்கிக்கொண்டால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று சொல்வோர் உண்டு. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர், நூல்களைத் தமிழாக்கியவர். எங்கள் பிள்ளைகளின் கொப்பியில் மூன்று நிரல்கள். முதலாவதில் அம்மாயி சொல்லும் சொல், இரண்டாவதில் பாடநூல் சொல், மூன்றாவதில் பரீட்சைச் சொல். 'மேமூச்சு வாங்குது', மூச்சுத்திணறல், டிஸ்னியா. 'காலு வீங்கி அமுக்குனா குழி விழுது', நீர்வீக்கம், எடிமா. முதல் நிரலை எழுத அவர்களுக்கு உதவி தேவைப்பட்டதே இல்லை.

கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 12 கிலோ எடையுள்ள பிள்ளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பரசிட்டமோல் என்றால் 180 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் ஏழரை மில்லிலீற்றர். கணக்கு வராது என்று ஒதுங்கிய பிள்ளை ஒருத்தி, அம்மாவின் கொழுந்து நிறுவையில் எத்தனை கிலோ கழித்தார்கள், செக்ரோலில் அரைப் பேரா முழுப் பேரா என்று மாதம் முழுவதையும் மனக்கணக்காகச் சொன்னாள். அவளுக்குச் சேலைன் துளிக் கணக்கைப் படிப்பிக்க ஒரு சனிக்கிழமை போதுமாக இருந்தது.

பெரிய இடைஞ்சல் வேறு. ஐந்து மணித்தியாலம் கணினித் திரையின் முன் இருந்து பழக இவர்களுக்குக் கணினி இல்லை. இருப்பது கைப்பேசி, அதற்கும் மேட்டு லயத்துக்கு ஏறினால்தான் சிக்னல். இரண்டு காம்பராவில் ஆறேழு பேர் இருக்கிற வீட்டில் விடியற்காலை நான்கு மணிதான் அமைதியான நேரம். பாடசாலைக் கணினி அறையைச் சனிக்கிழமைகளில் திறந்து தரும்படி அதிபர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

'எல்லோரையும் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டால் நம் சனத்தை யார் பார்ப்பது?' என்று ஓர் ஆசிரியை எங்களிடம் கேட்டார். நியாயமான கேள்வி. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ தாதியர் போய்விட்டார்கள். சிங்களத்தில் கேட்ட கேள்விக்குப் புரியாமல் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் மருந்தை மாற்றிக் குடிக்கும் தோட்டத்துத் தாய்மாரை நாங்கள் வாராவாரம் பார்க்கிறோம். அவர்களிடம் தமிழில் கேட்கத் தெரிந்த, சிங்களத்திலும் எழுதத் தெரிந்த தாதி ஒவ்வொரு வார்டிலும் வேண்டும். போகாதே என்று ஒரு பிள்ளையிடம் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. எங்கள் வகுப்புத் தோழிகளே பாதிப் பேர் வெளியில்தான். ஆனால் முதல் பெயர் இங்கே, இந்த நாட்டுப் பதிவேட்டில் ஏறட்டும் என்கிறோம். ஏறியவர்களில் சிலர் இங்கேயே நின்றுவிட்டார்கள். அதில் எங்களுக்குச் சந்தோஷம்தான்.

கடல் கடந்து இருக்கும் அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். என்கிளெக்ஸ் கட்டணம் 200 டொலர், சென்னை போன்ற மையத்தில் எழுதினால் மேலும் 150. அதற்கு உதவினால் நல்லது. அதைவிட அவசரமாகத் தேவைப்படுவது, அந்தப் பரீட்சையை எழுதித் தேறியவர்கள் மாதம் ஒருமுறை வகுப்பில் சேர்ந்து பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசுவது. லண்டனில் இரவு வேலை முடித்து நீங்கள் வீட்டுக்கு வரும்போது இங்கே பகல் ஒரு மணி. எங்கள் வகுப்பு இரண்டு மணிக்குத் தொடங்குகிறது. பெயரைச் சங்கச் செயலாளரிடம் இன்றே கொடுத்துவிட்டுப் போங்கள்.