ஊரை விட்டு நீங்காத வீரர்
(எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமய மன்றத்து மேடையிலே உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ எனச் சிலர் எண்ணக்கூடும். கடமை, பற்று, விட்டுக்கொடுத்தல் என்பனவற்றை நாம் இங்கே அடிக்கடி எடுத்துரைக்கின்றோம். அவற்றை மைதானத்திலே வாழ்ந்து காட்டிய ஒருவரை இன்று நினைவு கூர விரும்புகின்றோம். அவரே ஜேர்மனிய முன்வரிசை வீரர் ஊவே சேலர்.

சேலர் 1936ஆம் ஆண்டு ஹம்பேர்க் என்னும் துறைமுக நகரிலே பிறந்தார். தந்தையார் துறைமுகத் தொழிலாளி. அவரும் உதைபந்தாட்ட வீரரே. மகன் உயரத்தாற் குறைந்தவர். ஆயினும் தலையாற் பந்தடிப்பதில் நெடியவர்களையும் வென்றார். பதினேழு வயதிலேயே தம் நாட்டுக்காக ஆடினார். 1960இல் ஹம்பேர்க் கழகம் தேசிய வாகை சூடியபோது, இறுதியாட்டத்திலே இரண்டு கோல்கள் அவருடையவை.

1961இல் இத்தாலியின் இன்ரர் மிலான் கழகம் அவரை நாடிற்று. அதன் பயிற்றுநர் ஹெலெனியோ ஹெரேரா தாமே ஹம்பேர்க்குக்கு வந்து, பல இலட்சம் மார்க் தருவதாகக் கூறினார். சேலர் மறுத்துவிட்டார். பிறந்த ஊரும், குடும்பமும், ஒரு விளையாட்டுப் பொருள் நிறுவனத்தில் விற்பனைப் பிரதிநிதித் தொழிலும் அவருக்குப் போதுமாயிருந்தன.

அம்மறுப்புக்கு விலை இல்லாமற் போகவில்லை. இன்ரர் மிலான் 1964இலும் 1965இலும் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது; சேலருக்கு அக்கிண்ணம் ஒருபோதும் கிட்டவில்லை. பிழைப்புக்காகப் பிறவூர் செல்வோரைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. இழப்பது இன்னதென்று அறிந்தும் கலங்காது நிற்பதே பற்று என்பதே எமது கருத்து.

1965 பெப்ரவரியிலே குதிக்கால் நரம்பு அறுந்தது. இனி ஆடமாட்டார் எனப் பலரும் அஞ்சினர். அவ்வாண்டு செப்ரெம்பரிலேயே ஸ்ரொக்ஹோமில் சுவீடனுக்கெதிராக ஆடி, வெற்றிக் கோலையும் அடித்தார். அவ்வெற்றியே உலகக் கிண்ணத்துக்கு வழி திறந்தது. 1966இல் அணித்தலைவராக இறுதியாட்டம்வரை சென்று, இங்கிலாந்திடம் 4–2 எனத் தோற்றார்.

பெரியோர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது 1970ஆம் ஆண்டு நிகழ்ச்சி. மெக்சிக்கோவிலே கேர்ட் முல்லர் என்னும் இளையவர் கோலடிக்கும் இடத்துக்கு வந்தார். சேலர் பொறாமை கொள்ளாது, சற்றுப் பின்னே நின்று அவருக்குத் துணையாடினார். இங்கிலாந்துடனான கால் இறுதியிலே பின்தலையாற் பந்தைத் தட்டி ஆட்டத்தைச் சமப்படுத்தியவர் சேலர். வெற்றிக் கோலை அடித்தவர் முல்லர். அத்தொடரிலே முல்லர் பத்துக் கோல்கள் அடித்தார். மூத்தவர் இடம் கொடுத்தமையால் இளையவர் ஓங்கினார்; அணியும் உயர்ந்தது.

நான்கு உலகக் கிண்ணத் தொடர்களிலும் கோலடித்த சேலர், ஒன்றிலேனும் கிண்ணத்தை ஏந்தவில்லை. நாட்டுக்காக 72 ஆட்டங்களில் 43 கோல்கள். தம் கழகத்துக்காக லீக் ஆட்டங்களில் மாத்திரம் நானூறுக்கு மேல். 1972இல் ஓய்வு பெறும்வரை வேறு கழகத்தின் சட்டையை அவர் அணிந்ததில்லை. 2022இல் அவர் மறைந்தபோதும் ஹம்பேர்க் மக்களுக்கு அவர் 'எங்கள் ஊவே'.

இளைஞர்களே! கிண்ணங்கள் அலுமாரியிலே மங்கிப்போகும். 'எங்கள்' என்று ஓர் ஊர் வாயாரச் சொல்வதை எப்பணத்தாலும் வாங்க இயலாது. நாமும் எமது மன்றத்துக்கு அவ்வாறு உழைப்போமாக. பெரியோர்களே! காலம் வரும்போது நாமும் மனமுவந்து இளையவர்க்கு இடம் விடுவோமாக.